செம்பு, இரண்டு கிலோ நூறு

செவ்வாய்பேட்டையில் என் கடைக்கு வந்தது அது,
எரிந்த மோட்டார் காயில்,
எஸ்டேட் பங்களாவில் பிடுங்கிய குழாய்த் துண்டுகளோடு.
கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன்,
தரம் பார்க்கத்தான், வேறெதற்கும் இல்லை.

கோடுகள் எழுந்தன.
மயிரிலும் மெல்லிசு. வருடினால் நகம் தடுக்கியது.
ஒரு காபிக் கிளை. முப்பத்தொரு பழம், எண்ணினேன்.
ஒன்றில் புழுத்துளை; அதையும் விடவில்லை.
பின்னால் சேர்வராயன் மலை,
ஆனால் புரண்டு படுத்திருந்தது:
பிறந்த நாள் முதல் நான் இடப்பக்கம் பார்த்த சரிவு
வலப்பக்கம் வழிந்தது.

ஓரத்து எழுத்தை
பக்கத்துக் கடை தமீம் போனில் பிடித்துத் திருப்பினான்:
லூட்விக் ஹார்ட்டுங். ஏற்காடு. 1871.
'ஜெர்மன்காரன்க்கா' என்றான்.

இருபது கொண்டை ஊசி ஏறிப் போய்
எஸ்டேட் கணக்கரைக் கேட்டேன்.
பழைய பேரேட்டில் அவனுக்கு நாலே வரி.
விளக்கெண்ணெய், ஆறு படி.
பூதக்கண்ணாடி, வரும்போதே விரிசல்.
குளிர்காய்ச்சல், ஒன்பது நாள் கூலி பிடித்தம்.
வெள்ளச்சி, மலையாளிக் குடி, தினம் வாடாத கிளை கொண்டுவர, ஓரணா.

பஸ்ஸில் இறங்கும்போதுதான் அவன் பிழைப்பு பிடிபட்டது.
காகிதத்தில் நேராய் விழ
கை முழுக்க இடவலம் மாற்றி நினைத்தவன்.
வெளிச்சத்தைத் தொடாமல் விட்டு
நிழலை மட்டும் உழுதவன்.
கோடு தப்பினால்
தகட்டின் முதுகில் சுத்தியல் தட்டிப்
பள்ளத்தை மேடாக்கி, மறுபடி.

கடை திறந்து இன்னொரு தரம் பார்த்தேன்.
காம்பு அறுபட்ட இடத்துக்குக் கீழே
கடுகளவில் ஐந்து எழுத்து. தமிழ்.
எழுதியதில்லை, பார்த்து வரைந்தது;
புள்ளியொன்று பக்கத்து எழுத்தின் மேல் ஏறியிருந்தது.
வெள்ளச்சி.
போன் வேண்டியிருக்கவில்லை. நேராகவே இருந்தது.

'தமிழ் தெரியாதவன், திருப்ப மறந்திருப்பான்' என்றான் தமீம்.
இருக்கலாம்.
புழுத்துளையை மறக்காதவன்.
அச்சேறினால் அந்த ஐந்தும் யாருக்கும் விளங்காது.
செம்பைக் கையில் வாங்கி
வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தவளுக்கு விளங்கும்.
அவளுக்கு எழுத்து தெரியுமா,
அதைப் பேரேடு சொல்லவில்லை.

உருக்குப் பட்டறை வண்டி வாசலில் ஹாரன் அடித்தது.
காயிலையும் குழாயையும் ஏற்றிவிட்டேன்.
நோட்டில் எழுதினேன்:
செம்பு, இரண்டு கிலோ நூறு. எடை சரி.
பார்ட்டி பெயர், வெள்ளச்சி.
பணம், பாக்கி.