நடுவில் இறங்கும் இடம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
எங்கள் டிராவல்ஸ்.
மேலே லாரி போனால்
மேசைக் கண்ணாடிக்குள் செருகிய
விமானங்கள் லேசாக நடுங்கும்.

தை மாதம். ரப்பர் இலை கொட்டி
வெட்டு நிறுத்தியிருந்த நாள்.
அருமனையிலிருந்து தாசையன் வந்தார்,
நகக்கண்ணில் ஒட்டுப்பால் கறுத்திருக்க.
டிக்கெட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.
"டப்ளினுக்கும் ஆக்லாந்துக்கும்
எம்புட்டுத் தூரம் பிள்ளே?"

திருவனந்தபுரத்தில் தொடங்காத கேள்வி
இந்த நாற்காலிக்கு அதுதான் முதல்.

தட்டிப் பார்த்தேன்.
நேராகப் பறந்தால் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டும்.
நேராக எதுவும் பறப்பதில்லை.
இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறி
இருபத்தெட்டு மணிநேரம் வைத்துக்கொள்ளலாம்.
இதைவிட விலகிப்போக
பூமியில் அதிக இடமில்லை
என்பதை மட்டும் சொல்லவில்லை.

கால்குலேட்டரைக் கேட்டு வாங்கினார்.
முந்நூற்று நாற்பது மரம்.
மரத்துக்கு மரம் பதினைந்தடி.
வருசத்துக்கு இருநூறு வெட்டு.
ஐம்பத்தெட்டு வருசம் வந்தது.
"நான் கத்தி பிடிச்சு முப்பத்தாறு.
அப்போ எங்க நிக்கேன்?"
டப்ளினிலிருந்து புறப்பட்டிருந்தால்
சிங்கப்பூர் பக்கம் என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மகள் பெனிட்டா டப்ளினில் நர்ஸ்.
மகன் ஷைஜின் ஆக்லாந்துக்கு வெளியே
கிவிப்பழம் தரம் பிரிக்கிறான்.
பன்னிரண்டு சென்ட், எல்லையில் ஒரு பலா.
மூன்று வருசமாக மிண்டாட்டமில்லை.

"ரெண்டு பேரும் வழியில
ஒண்ணா இறங்குகது மாதிரி இடம் உண்டா?"

தோஹா.
அவளுக்கு ஏழு மணிநேரம் சொச்சம்.
அவனுக்குப் பதினேழு.

"பாதி இல்லியே" என்றார்.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"செரிதான். தொடங்கினது அவன்தானே,
அவனே கூடுதல் வரட்டு."

இரண்டு ஊர், நடுவில் ஒரு புள்ளி,
மணிக்கணக்கு. ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தேன்.
மடிக்கவில்லை. திருப்பி என்னிடமே நீட்டினார்.
"இத போட்டோ பிடிச்சு ரெண்டு பேருக்கும் விடு.
ஒருத்தருக்கு முந்தி ஒருத்தருக்குப் போகப்பிடாது.
பதில் வந்தா எனக்குச் சொல்லாண்டாம்."

பத்து ரூபாய் வைத்தார்.
அருமனை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
அதற்கு எவ்வளவு நேரமென்று
அவருக்குத் தெரியும்.

அலுவலக எண்ணிலிருந்து
இரண்டு பெயரையும் தொட்டு, ஒரே அழுத்து.
மணி நான்கு பத்து.
டப்ளினில் காலை, பதினொன்றுக்கு இருபது நிமிடம்;
அவள் வார்டில் இருப்பாள்.
ஆக்லாந்தில் நள்ளிரவுக்கு இருபது நிமிடம்.

அங்கேதான் முதலில் நீலமானது.

தட்டச்சு செய்கிறார் என்று வந்தது,
நின்றது,
மறுபடி வந்தது.
மேலே ஒரு லாரி போயிற்று.