நாற்பத்தொரு படி

மேலே கண்ணாடி அறையில் கேப்டன் ஹெல்தூர்.
கீழே எந்திர அறையில் கால்யோ.
நடுவில், சமையற்கட்டில், லெய்லி நான்.
எஸ்டோனியக் கரைக்கும் தீவுக்கும் இருபத்தேழு நிமிடம்,
நாளைக்குப் பதினாறு நடை.
பத்தொன்பது நாளாக
அவர்கள் இருவருக்கும் பேச்சில்லை.

நடந்தது இவ்வளவுதான்.
வடகிழக்குக் காற்று வீசிய ஒரு மாலை
கப்பல் துறைமேடையில் இடித்தது.
லாரியொன்றில் பால் கேன்கள் சரிந்தன.
யாருக்கும் அடியில்லை.
‘வேகம் அதிகம்’ என்று
பதிவேட்டில் எழுதிவிட்டார் கால்யோ.
பொய்யில்லை.
என்னிடம் சொல்லிவிட்டு எழுதியிருக்கலாம்,
இது மேலிருப்பவர் கட்சி.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
இது கீழிருப்பவர் கட்சி.

கட்டளைக்கு நெம்புகோல் இருந்தது.
மற்றதற்கெல்லாம் என் கால் இருந்தது.

“அந்தக் கிழட்டுக் கரடியிடம் சொல்,
புகை மூக்கை அடைக்கிறதென்று.”
நாற்பத்தொரு படி.
இறங்க இறங்கக் கிழடு உதிரும்,
கரடி உதிரும்.
“கொஞ்சம் புகை வருகிறதாம் கால்யோ,
நேரமிருக்கும்போது பார்ப்பீர்களாம்.”
“கரையே தெரியாத கண்ணுக்குப்
புகை மட்டும் தெரிந்ததாமா?”
மூச்சு வாங்க ஏறிப்போய்ச் சொல்வேன்:
“பார்க்கிறாராம்.”

தூது போவதும் சமையல் மாதிரிதான்,
முள்ளை எடுத்துவிட்டுத்தானே மீனைப் பரிமாறுகிறோம்
என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

பிப்ரவரியில் முட்டி வீங்கியது.
விறைத்த கடலில் பனிக்கட்டி உரசும் சத்தம்,
பட்டாணி சூப் அடிப்பிடிக்கிற வாசனை,
மேலேயிருந்து மறுபடி என் பெயர்.
அன்று இறங்கும்போது
வலியை மட்டும்தான் எண்ணினேன்.
முள்ளை எடுக்க மறந்தேன்.

“பதிவேட்டில் எழுதத் தெரிந்த கைக்கு
என் கதவைத் தட்டத் தெரியாதா
என்று கேட்கிறார்.”

கால்யோ ஸ்பானரைக் கீழே வைத்தார்.
“இப்படியேவா கேட்டான்?”
“இப்படியேதான்.”
“இன்றைக்காவது கேட்டானே.”

இன்றைக்கு இல்லை.
முதல் நாளே கேட்டார்.
மூன்றாம் நாள் கேட்டார், பத்தாம் நாள் கேட்டார்.
நான்தான் ஒவ்வொரு முறையும்
அந்தக் கேள்வியைப் படியிலேயே விட்டுவிட்டு
வெறுங்கையோடு வந்திருக்கிறேன்.

கால்யோ ஏறினார்.
மேலே கதவு சாத்திக்கொண்டது.
ஒரு முழு நடைக்கும் கூச்சல்.
காப்பிக் கோப்பையோடு பயணிகள்
கூரையைப் பார்த்தார்கள்.
நான் சூப்பைக் கிளறுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு
காற்று கொண்டுவந்ததைக் கேட்டேன்:
“யாரும் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காகத்தான்
என் அண்ணனுக்கு வேலை போனது, தெரியுமா உனக்கு?”
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் ஹெல்தூரின் குரல்,
அவருடையதுதானா என்று சந்தேகப்படுமளவு சன்னமாக:
“என் கை நடுங்குகிறதென்று
ஊருக்கே எழுதிவிட்டாயோ என்று நினைத்தேன்.”

நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.
மதியம் வேறு வேறு மேசையில்தான் உட்கார்ந்தார்கள்.
ஆனால் கடுகுச் சாறு ஜாடி
என் கை படாமல்
இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போனது.
துறைமேடையில் அந்தப் பள்ளம் இருக்கிறது.
பதிவேட்டில் அந்த வரியும் இருக்கிறது.

இரவு வீட்டில் பூட்ஸைக் கழற்றும்போது
கணவனைக் கேட்டேன்:
“எண்டெல், போன வாரம் வீர்வெ பேசினாளே,
என்ன சொன்னாள்?”
அம்மாவின் ஆப்பிள் தோட்டத்தை விற்றதிலிருந்து
நானும் என் தங்கையும்
இவர் வாய் வழியாகத்தான் உறவு.
“நலம் விசாரித்தாள்.”
மூன்று வருடமாக இதே பதில்.
மூன்று வருடமாக
அதை நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

“அது வேண்டாம்.
அவள் சொன்னதை
அவள் சொன்ன மாதிரியே சொல்லு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
“அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்”
என்றார்.