கிளியர்

அம்பகாமத்துக் காட்டில் எனக்குத் தந்த நிலம்
ஒரு மீற்றர் அகலம்.
முழங்காலில் இருந்து
வறாண்டியால் இழுத்து இழுத்து
அடியில் ஒன்றுமில்லை என்று கண்டால்
வோக்கியில் ஒரு சொல் சொல்லவேணும்.
கிளியர்.
சொன்ன பிறகு சிவப்புத் தடியைப் பிடுங்கி
வெள்ளைத் தடி நடுவார்கள்.
பிழைத்தால் அதன் விலை ஒரு கால்.
என்னுடைய கால்தான் என்றில்லை,
பத்து வருசம் கழித்து
மாடு சாய்த்துக்கொண்டு வரப்போகிற
ஆருடையதாகவும் இருக்கலாம்.

அதனால் சும்மா சொல்வதில்லை நான்.
சும்மா சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கினம்.

நுண்கடன் பெடியன்
படலைக்கு வெளியே எஞ்சினை நிற்பாட்டாமலே கேட்பான்:
"இந்தக் கிழமையோட கிளியர் பண்ணுவீங்களோ அக்கா?"
அவனுக்கு அது நாலாயிரத்து இருநூறு ரூபா.
ரியூசன் கொட்டிலில் கணக்குச் சேர்
பலகையைத் துடைக்க முதல் கேட்பார், "கிளியரா?"
"கிளியர் சேர்!"
முப்பது பிள்ளைகள், ஒரே குரல்.
அதில் பத்தொன்பது பொய்.
ஒன்று என் மகளுடையது.

மத்தியானம் பாலை மர நிழலில்
பாணும் சம்பலும் தின்றபடி லெம்பேட் கேட்டார்,
தமிழில் இதுக்கு என்ன சொல்?
படிவத்தில் 'துப்புரவு' என்று போட்டிருக்கு,
ஏதோ நாங்கள் ஒழுங்கை கூட்டினமாதிரி.
காடு வெட்டினால் வெளி, என்றாள் ரூபவதனி.
மழை விட்டால் வெளிப்பு.
கலங்கின தண்ணி தெளியும், மயக்கமும் தெளியும்,
கடன் தெளியாது, தீரும்.
"வயித்தால போனா?"
அதுவும் கிளியர்தான், என்றான் நிசாந்தன்.
புரைக்கேறச் சிரித்தோம்.
எங்களிடம் தனித்தனி வளவில் இருக்கிற சொற்களை
ஒரே சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்.

நான் இன்னொன்று வைத்திருந்தேன், சொல்லவில்லை.

ஒரு காலம்
ரேடியோவில் எங்கள் இடத்துக்கே அதுதான் பெயர்,
கிளியர் ஆகாத பிரதேசம்.
நான் வயதுக்கு வந்தது அங்கே.
சிக்கன விளக்கில் இரசாயனம் படித்தது அங்கே.
முற்றம் கூட்டினோம், கிணறு இறைத்தோம்,
எண்ணெய் வைத்துத் தலை இழுத்தோம்.
அப்படியும் நாங்கள் கிளியர் ஆகவில்லை.

பிறகு கிளியர் ஆக்கினார்கள்.
அதை நான் எழுதப் போவதில்லை.

போன மாசம் அலுவலகத்தில்
கண்ணாடி போட்ட பிள்ளையொன்று, நல்ல பிள்ளை,
அண்ணன்ர படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தது.
"முகம் கிளியரா இல்லை அக்கா.
வேற படம் இருக்கோ?"
கடனேரித் தண்ணியில் ஊறின படம்.
மூக்குக்குக் கீழே வெள்ளைப் படை.
மேலே இரண்டு கண்கள்,
அவையும் கமராவைப் பார்க்காமல்
பக்கத்தில் நின்ற ஆரையோ பார்த்தபடி.
வேற இல்லை, என்றேன்.
அந்தப் பிள்ளை ஏதோ எழுதியது.
என்ன எழுதியது என்று கேட்கவில்லை.

இன்று பின்னேரம் மெசின் கத்தியது.
எல்லாரையும் பின்னுக்கு எடுத்தார்கள்.
நாற்பது நிமிசம்.
விரலால், பிறகு தூரிகையால்,
முட்டையில் ஒட்டின உமியைத் தட்டுகிறமாதிரி
மண்ணைத் தட்டி எடுத்தேன்.

மீன்ரின் மூடி.

ஆரோ இந்தப் பற்றைக்குள் குந்தியிருந்து
அவசரமாகத் தின்றிருக்கினம்.
விளிம்பு கோணலாய் வளைந்து கிடந்தது,
ரின்வெட்டி இல்லை, கத்தியால் குத்தித் திறந்திருக்க வேணும்.
கறளைச் சுரண்டினேன்.
தகட்டில் அடித்த இலக்கங்கள் தடவுப்பட்டன,
காலாவதி
ஒன்பதாம் மாசம், இரண்டாயிரத்துப் பதினொன்று.
ஒரு எழுத்தும் அழியவில்லை.

"லேன் ஏழு?"
வோக்கியில் லெம்பேட்.
"லேன் ஏழு, கிளியரோ?"

பொறுங்கோ, என்றேன்.