எண்பது நாள்

மகன் என்றால் நாற்பது நாள்.
மகள் என்பதால் எண்பது.
அதுவரை தேவாலயத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது.
அவளுக்குப் பெயரும் கிடையாது.

தெப்ர தாபோருக்குக் கிழக்கே
மலையெல்லாம் மொட்டை.
டெஃப் வயல், மேய்ச்சல், மறுபடி டெஃப் வயல்.
நடுவில் கைப்பிடியளவு காடு,
காட்டுக்குள் தேவாலயம்,
காட்டைச் சுற்றி இடுப்புயரக் கல்மதில்.
மற்ற மரமெல்லாம்
அடுப்புக்கும் ஏருக்கும் போய்ச் சேர்ந்தன.
பயந்து விட்டுவைத்தது இதை மட்டும்தான்.

ஞாயிறு விடியுமுன் வந்து
மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பேன்,
வெள்ளைப் போர்வைக்குள் பிள்ளையோடு.
உள்ளே முரசு. தூபம்.
பூசையின் பழைய மொழி எனக்குப் புரியாது;
உள்ளே நின்ற காலத்திலும்
புரிந்ததில்லை.

வெயில் எழும்போது
பெரிய ஜுனிப்பரின் நிழல்
மதிலேறிக் குதித்து,
என் பாதம் தாண்டி,
கட்டிப்போட்ட கழுதைவரை போகும்.
அது யாரிடமும்
நாள்கணக்குக் கேட்கவில்லை.

நிழலுக்கு எங்கள் பேச்சில் திலா.
பெயரில்லாதவளை
அப்படித்தான் கூப்பிட்டேன், யார் காதிலும் விழாமல்.
ஐம்பதாம் நாளோ என்னவோ, சிரித்தாள்.
முரசு நின்றிருந்தது அப்போது.
நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.
வேண்ட எதுவும் மிச்சமில்லாமல்
அப்படியே நின்றேன்,
பால் சுரந்து போர்வை நனைந்ததுகூடத் தெரியாமல்.

தலைநகரில் படிக்கும் தங்கை மிஹ்ரெத்
போனில் சொன்னாள்:
"அக்கா, அவர் எங்கும் இருக்கிறவர்.
அப்புறம் மதில் எதற்கு?"
சரிதானே என்றேன்.
அன்று மாலைவரை சரியாகத்தான் இருந்தது.

மாலையில் பார்த்தேன்.
இருவாச்சி எச்சமிட்ட இடங்களில்
மதிலுக்கு வெளியே விரல்நீளக் கன்றுகள்,
பதினொன்று.
மறுநாள் நான்கு.
அதற்கு மறுநாள் ஒன்று.
வேறு யாருமில்லை, என் ஆடுதான்.
வாயோரம் பச்சை வழிய
என்னையே பார்த்து அசைபோட்டது.

மிஹ்ரெத்திடம் இதைச் சொல்லவில்லை.
மிஞ்சிய ஒற்றைக் கன்றைச் சுற்றிக்
கல் அடுக்கினேன்.
கல்லுக்கு எங்கே போவேன்?
பெரிய மதிலிலிருந்துதான்
ஏழெட்டு உருவினேன்.

எண்பதாம் நாள் உள்ளே போனோம்.
தண்ணீர், தைலம், கழுத்தில் கறுப்புக் கயிறு.
வலத்த மர்யம் என்று பெயர் வைத்தார்கள்.
அழுதேன்.
பொய் சொல்வானேன்,
உள்ளே நன்றாகத்தான் இருந்தது.
சுவர்ச் சித்திரத்துத் தேவதைகளின்
பெரிய பெரிய கண்கள்
நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்காமல்
பார்த்தன.
ஆனாலும் ஒரு காது
வெளியிலேயே இருந்தது, கழுதைப் பக்கம்.

பூசை முடிந்து பாதிரியார் கூப்பிட்டார்.
பாதிரியார் என்ன பாதிரியார்,
பள்ளியில் என் பின்வரிசை மெங்கிஸ்து.
மதிலின் ஓட்டையைக் காட்டினார்.
"கல் தின்கிற ஆடும்
வளர்க்கிறாயா, அயெலெச்?"

கூட்டிப்போய்க் காட்டினேன்.
குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார்.
திட்டப்போகிறார் என்று
பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டேன்.

"உயரம் போதாது," என்றார்.
"இன்னும் ஒரு வரிசை வை."

"கல்?"

அவர் பதில் சொல்லவில்லை.
அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
தேவாலயப் பக்கம் பார்க்காமல்
வயல்வழி நடந்தார்.

திலா, என்றேன்.
நெற்றித் தைலம் காயாத
வலத்த மர்யம்
திரும்பிப் பார்த்தாள்.