ஒன்பதாவது படி

மின்தூக்கி பழுது என்று
நான்கு மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள்.
ஐந்தாவது மொழியில் அதைச் சொல்பவை
ஆறு கால்கள்.

ஈசூன். வீவக புளோக்கின் நான்காம் மாடி.
படிக்கட்டை ஒட்டிய வீடு என்னுடையது.
இரவு வேலை முடிந்து ஆறரைக்கு வருகிறேன்.
இது பள்ளி விடுமுறை.
ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறது.

"கீழ்ப்படி ச. அடுத்தது ரி.
மிதிச்சாத்தான் பாடணும், பாடினாத்தான் மிதிக்கணும்."
மகிழினி. பத்து வயது இருக்கும்.
தமீம் ஒரே தாவலில் ப-வுக்குப் போய்விட்டான்.
"நடுவுல இருந்ததெல்லாம் எங்கடா?"
"அங்கயேதான் இருக்கு. நாந்தான் இல்ல."
ஜியா என்னுக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே
இந்த ஏழு எழுத்துதான்.
மறந்தால் டோ என்பாள், ரே என்பாள்.
கால் விழும் இடம் ஒன்றே.

தலையணையைக் காதில் அழுத்தினேன்.
பஞ்சு சுரத்தைத் தின்றது,
தாளத்தைத் தின்ன முடியவில்லை.
தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்,
தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு.
செருப்போடு ஓடினாலும் எட்டு.
சந்தைப் பையோடு யாரோ ஓர் அம்மா
மூச்சு வாங்க ஏறினாலும் எட்டு.
வேகம் வேறு, எண்ணிக்கை வேறு
என்று சுவர் எனக்குச் சொன்னது.

பத்தேகாலுக்குக் கரண்டி வந்தது.
கைப்பிடிக் கம்பி. குக்கர் மூடி.
துணி காயப்போடும் மூங்கில் கழி.
"எல்லாம் ச மாதிரிதான் இருக்கு,
ஆனா இது கம்பி ச, அது மூடி ச" என்றான் தமீம்.
"உங்கம்மாவும் எங்கம்மாவும்
'சாப்பிட வா'ன்னு கூப்பிட்டா
கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்
யாரு வீட்டுல சோறுன்னு."

"சின்னதாப் பாடுங்க, அங்கிள் தூங்குறாரு."
அதே க, எறும்பு அளவில்.
உரக்கப் பாடியபோது கேட்காத நான்
இப்போது கதவருகே போய்க் கேட்டேன்.

பிறகு சண்டை.
படிகள் ஒன்பது.
எட்டாவதிலேயே மேல் ச வந்துவிடுகிறது.
ஒன்பதாவதுக்குப் பேர் இல்லை.
"இன்னொரு ரி வைக்கலாம்."
"அடுத்த மாடி ரி இங்க எப்படி வரும்?"
என் கதவு தட்டப்பட்டது.
கைலியை இறுக்கிக்கொண்டு திறந்தேன்.
"அங்கிள், ஒன்பதாவது படிக்கு என்ன பேரு?"

"தூக்கம்" என்றேன்.
அது விடை இல்லை, முறையீடு.
மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ச ரி க ம ப த நி ச

ச ரி க ம

அந்த இடத்தில் கால் மட்டும் வைக்கிறார்கள்.
குரல் வைக்கவில்லை, ஆனால் எண்ணுகிறார்கள்.
தாளம் ஒன்பதாகிவிட்டதைப் பற்றி
யாருக்கும் கவலை இல்லை.
கட்டிலில் நான்
அந்த ஒன்றுமில்லாததற்கு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.
தூங்கியது எப்போதென்று தெரியாது.

இரவு, பீஷான் பணிமனை.
ரயில் பெட்டிக்கு அடியில் சுத்தியலோடு படுத்திருக்கிறேன்.
பதினான்கு வருடமாக இதுதான்.
இறுகிய ஆணி ணிங் என்னும்,
தளர்ந்தது ணொங் என்னும்.
மேலே ஒன்று, கீழே ஒன்று.
அவற்றுக்குப் படி உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

நாலாவது பெட்டி, இடப்பக்கம்.
"த-வில் இருந்தது, நி-க்கு இறுக்கினேன்"
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
அடித்துவிட்டு
"தளர்வு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன்.

எட்டு ஆணி முடிந்ததும்
கை தானாக நின்றது.
செல்வகணபதி டார்ச்சை முகத்தில் அடித்தான்.
"என்னண்ணே?"
"ஒண்ணுமில்ல" என்றேன்,
"அதத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்."