டாட்ரி

அக்டோபர் பதினேழு. ஈலிச் சந்தையில்
சேறு கணுக்காலுக்கு மேல்.
விலாங்குக் கூடையை இறக்கி வைத்து
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி
தாமசின் கேட்டாள்: "அந்த நீலம் எவ்வளவு?"

கழுத்தில் கட்டும் பட்டுக் கயிறு அது.
பட்டு என்று சொன்னவன் ஜெப்சன்.
"புனித ஆட்ரியின் கயிறம்மா,
கல்லறையைத் தொட்டு எடுத்தது.
மூன்று பென்னி."
தொடவில்லை. நேற்றிரவு முழுக்க அது
அவன் கழுதைச் சேணத்தின் அடியில் கிடந்தது.

ஆட்ரி ஒரு காலத்து அரசி.
துறவு பூண்ட பின் கழுத்தில் கட்டி கண்டது.
'சிறு வயதில் மணிமாலைகளைச் சுமந்தேன்,
அதற்கு இது' என்றாளாம்.
அவள் பெயரில்தான் சந்தை.
அவள் பெயரிலேயே
கழுத்துக்கு அலங்காரம் விற்றார்கள்.
யாருக்கும் உறுத்தவில்லை.
மழை இல்லாத வருடங்களில் நல்ல லாபம்.

கூவிக் கூவி விற்றால் எந்தப் பெயரும் தேயும்.
செயின்ட் ஆட்ரி.
செயின்டாட்ரி.
மெய்யின் தோளில் உயிர் ஏறிக்கொண்டது,
நம் புணர்ச்சியைப் போலவே.
பிறகு முன்பாதி சேற்றில் விழுந்தது.
டாட்ரி! டாட்ரி! மூன்று பென்னிக்கு டாட்ரி!
புனிதம் போய்விட்டது;
அதன் கடைசி ஒற்று மட்டும்
நாயுருவி முள்ளாய் ஒட்டிக்கொண்டு வந்தது.

முதலில் சீமாட்டிகளும் கட்டினார்கள்.
மீன்காரிகள் கட்டத் தொடங்கியதும்
கயிற்றைக் கழற்றிவிட்டு
சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள்,
எறிவதற்கு.
மலிவு என்று பொருள். பல்லிளிக்கும் பகட்டு.
தளுக்கு, மினுக்கு, ஜிகினா:
நம்மிடமும் இருக்கின்றன சொற்கள்.
எதைப் பிரித்தாலும் உள்ளே
ஒரு கழுத்து இல்லை.

தாமசினிடம் இரண்டு பென்னிதான்.
குறைக்கு ஒரு விலாங்கைக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் தூறல்.
ஊஸ் ஆற்றங்கரையில் குனிந்து கட்டிக்கொண்டாள்,
தாடைக்குக் கீழே,
யாரிடமும் இன்னும் சொல்லாத,
வாத்து முட்டை அளவு வீக்கத்தின் மேல்.
சாயம் இறங்கித் தோளெல்லாம் நீலம்.
தண்ணீரில் பார்த்தாள்.
நீலம் தெரிந்தது.
வேறு எதுவும் தெரியவில்லை.

ஏமாந்ததாக அவள் நினைக்கவில்லை.
கொடுத்த விலாங்கும்
முந்தாநாள் பிடித்தது.