மைய அடுக்கு

நான் முதலில் வரைந்த செல்
செல்லே இல்லை.
கவர் ஸ்லிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்று.
கறுப்பு விளிம்பு, நடுவில் வெளிச்சம்,
அத்தனை அழகான வட்டம்.
செல் சவ்வு என்று ஓர் அம்புக்குறி,
உட்கரு என்று இன்னொன்று,
ரெக்கார்டில் பென்சிலை அழுத்தி அழுத்தித் தீட்டினேன்.
சென்னகேசவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்,
ஊசியால் கண்ணாடியை லேசாகத் தட்டினான்.
என் செல் நகர்ந்து
ஓரத்துக்குப் போய்
காணாமல் போயிற்று.

நாற்பது பேருக்கு ஐந்து நுண்ணோக்கி.
ஒன்றில் அடிக்கண்ணாடி உடைந்து
முகம் பார்க்கும் சில்லை ஒட்டிவைத்திருக்கிறார்கள்.
அதுதான் எங்களுக்கு வாய்த்தது.
ஜன்னல் பக்கம் திருப்பினால்
சையத் பாஷா மலையில் பட்ட வெயில்
குழாய்க்குள் ஏறி வரும்.

மறுபடியும் வெங்காயத் தோல், ஒரு சொட்டு சாஃப்ரனின்.
இந்த முறை செங்கல் அடுக்கினது போல வந்தது.
ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு சிவப்புப் புள்ளி
சுவரோரமாய் ஒதுங்கிக் கிடக்கிறது.
நடு இடம் முழுக்கத் தண்ணீர்.
“தொட்டிக்கே வீடு போயிடுச்சு,
நாங்க ஓசூர்ல இருந்த வாடகை வீடு மாதிரி”
என்றான் சென்னகேசவன்.

ராத்திரி எட்டு மணிக்கு
காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஃபேக்டரி.
பெங்களூரா பெல்ட்டில் உருண்டு வரும்.
காயை இடது கூடைக்கு, அழுகலை வலதுக்கு,
பழத்தைத் தொடாமல் விட வேண்டும்.
விடுவதற்கும் சேர்த்துத்தான் கூலி.
எதிரே நிற்கும் பர்கூர் ஷமீனா
கண்ணால் பார்ப்பதே இல்லை.
கட்டைவிரல் பட்டால் போதும்:
“இது இன்னும் பிடிச்சிட்டிருக்கு.
இது விட்டிருச்சு.”
எதைப் பிடித்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.
பெல்ட் நிற்காது.

ஒரு காய்க் கீற்று, ஒரு பழக் கீற்று,
டிபன் பாக்ஸில் காலேஜுக்குக் கொண்டுபோனேன்.

காயைச் சீவி வைத்தால்
கடைசி டவுன் பஸ் கூட்டம்.
இடுக்கில் ஒரு விரல் நுழையாது.
அயோடின் விட்டதும் உள்ளே மாவு மணிகள்
நீலமாகி, கறுத்து, அடைத்துக்கொண்டு நின்றன.

பழத்தைச் சீவவே முடியவில்லை. தடவித்தான் வைத்தேன்.
செல்கள்
தனி
தனியாக
மிதந்தன.
ஒன்றும் உடையவில்லை.
ஒவ்வொன்றுக்கும் அதனதன் சுவர், அதனதன் உட்கரு,
மஞ்சள் துகள் துகளாக வண்ணக்கணிகம்.
நீலம் எங்கும் இல்லை, மாவெல்லாம் சர்க்கரை.
போனது நடுவில் இருந்த பசை மட்டும்:
இரண்டு செல்லுக்கும் பொதுவான ஒரு மெல்லிய பூச்சு,
மைய அடுக்கு என்று புத்தகத்தில் அரை வரி.
அடிக்கோடுகூடப் போடாமல் தாண்டி வந்திருந்தேன்.

அன்றிரவு ஷமீனாவிடம் சொன்னேன்.
“பசை கரையுது. அவ்வளவுதான்.”
“எப்பக் கரையணும்னு யார் அதுக்குச் சொல்றது?”
“பக்கத்துப் பழம். ஒரு வாயு விடும்.”
“அட, எங்க தெரு மாதிரி” என்று சிரித்தாள்.
அதற்குள் இரண்டு காய்
எங்களைத் தாண்டிப் போய்விட்டது.
சூப்பர்வைசர் விசில்.

ஜூலைக் கடைசியில் பெல்ட் நின்றது.
கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கிக்கொண்டு
ஊத்தங்கரை, ராயக்கோட்டை, பர்கூர் என்று
அவரவர் பஸ்ஸுக்கு நடந்தோம்.
நகக்கண்ணில் மஞ்சள் போக ஒரு வாரம் ஆயிற்று.

ரெக்கார்டைத் திருத்தத் தரும்முன்
முதல் பக்கத்துக் காற்றை அழிக்கப் போனேன்.
மனசு வரவில்லை.
அம்புக்குறிகளை மட்டும் அழித்துவிட்டு
கீழே ‘காற்று’ என்று எழுதினேன்.
நோட்டு திரும்பி வந்தபோது
பக்கத்தில் சிவப்பு மையில்
ஒரு டிக்.